மும்பை ரீஜியனில் சேமிப்பகம் நின்றுபோனாலும் பாடக் காணொளிகள் ஓட வேண்டும்: எப்படி வடிவமைப்பது?

கேள்வி: சரவணம்பட்டியான்

வணக்கம். கோவை சரவணம்பட்டியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ராசிபுரம், திருச்செங்கோடு, கோபி ஆகிய ஊர்களில் இயங்கும் சில நீட் பயிற்சி மையங்களின் பாடங்களைப் பதிவு செய்து மாணவர்களின் கைப்பேசிக்குக் கொண்டுசேர்ப்பதே எங்கள் தளத்தின் வேலை. காணொளிகள் ஹெச்எல்எஸ் வடிவில் (காணொளியைச் சிறு துண்டுகளாக்கி, அவற்றைப் பட்டியலிடும் பிளேலிஸ்ட் கோப்போடு அனுப்பும் முறை), 6 விநாடித் துண்டுகளாக, 240 முதல் 720 வரை நான்கு தரங்களில், அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவையில், மும்பை ரீஜியனில் (ஒரு வட்டாரத்திலுள்ள தரவு மையங்களின் தொகுதி) ஒரே பக்கெட்டில் (கோப்புகளை வைக்கும் கொள்கலன்) இருக்கின்றன. அதற்கு முன்னால், மாணவருக்கு அருகிலுள்ள விளிம்பு மையங்களில் தற்காலிக நகல் (கேஷ்) வைத்து வழங்கும் அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் நிற்கிறது. உள்நுழைவு, பாடப்பட்டியல், டேட்டாபேஸ் ஆகியவையும் மும்பையில்தான்.

2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வட வர்ஜீனியா ரீஜியன் தடுமாறி உலகெங்கும் பல செயலிகள் நின்றுபோன செய்தியைப் பார்த்த மைய நிர்வாகி ஒருவர், "மும்பைக்கு அப்படி ஒண்ணு வந்தா அன்னைக்கு ராத்திரி பசங்களுக்குப் பாடம் ஓடுமுங்களா?" என்று கேட்டார். எங்கள் பொருளோ (எஸ்3-இல் வைத்த கோப்புகள்) 11 ஒன்பது (99.999999999 விழுக்காடு) நம்பகத்தன்மைக்கென வடிவமைக்கப்பட்ட சேமிப்பகத்தில், மூன்று அவைலபிலிட்டி ஜோன்களில் (ஒரே ரீஜியனுக்குள் தனித்தனியாக இயங்கும் தரவு மையத் தொகுதிகள்) பரவி இருக்கிறது. இதற்கு மேலும் ஏதாவது செய்ய வேண்டுமா? ஹைதராபாத் ரீஜியனில் ஒரு நகல் வைத்துக்கொண்டால் போதுமா, அல்லது வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்தையும் சேர்த்துக்கொள்வது அவசியமா? கோளாறு வந்தால் டிஎன்எஸ் பதிவை (தளத்தின் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்ற பதிவு) நாங்களே மாற்றிவிடலாம், அதற்கெனத் தானியங்கி ஏற்பாடு வேண்டாம் என்று எங்கள் மேலாளர் கருதுகிறார். அனுபவமுள்ளவர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

பதில்: நொய்யல்கரை

முதலில் அந்த 11 ஒன்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அது பொருள் அழியாது என்பதற்கான கணக்கு; கேட்ட நேரத்தில் கிடைக்கும் என்பதற்கான கணக்கு அன்று. எஸ்3 ஸ்டாண்டர்டு வகைக்குக் கிடைக்கும்தன்மையின் வடிவமைப்பு இலக்கு 99.99 விழுக்காடுதான், சேவை ஒப்பந்தம் இழப்பீட்டுக்கு வைத்திருக்கும் எல்லை அதிலும் குறைவாக 99.9 விழுக்காடு. 2017 பிப்ரவரி 28 அன்று வட வர்ஜீனியாவில் நடந்தது இந்த வேறுபாட்டுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பில்லிங் அமைப்பின் சுணக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஊழியர் ஒருவர், சில சர்வர்களை மட்டும் நீக்க வேண்டிய கட்டளையில் ஒரு மதிப்பைத் தவறாக உள்ளிட்டதால் வேண்டியதைவிட அதிகமான சர்வர்கள் நீங்கின. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை வைத்திருக்கும் இண்டெக்ஸ் அமைப்பை முழுமையாக மறுதொடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. பெரிய ரீஜியன்களில் பல ஆண்டுகளாக அப்படி ஒரு மறுதொடக்கம் நடந்திராததால், எல்லாம் சீராக நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. வட்டில் இருந்த தரவு அப்படியே இருந்தது, ஆனால் யாராலும் எடுக்க முடியவில்லை. மூன்று ஜோன்கள் இருந்தும் அது உதவவில்லை, ஏனெனில் பழுதானது ஜோன்களுக்குப் பொதுவான அடுக்கு.

எனவே இரண்டாவது ரீஜியன் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நகல் வைப்பதைவிட அந்த நகலுக்கு எப்போது, யார் சொல்லி, எத்தனை விநாடியில் போவது என்பதே கடினமான பகுதி. கிளவுட்ஃபிரண்ட் கோப்பை எடுக்கும் மூல இடத்துக்கு ஆரிஜின் என்று பெயர். ஆரிஜின் குழு என்ற வசதி அதில் 2018 முதல் இருக்கிறது; மும்பை பக்கெட்டை முதன்மையாகவும் ஹைதராபாத் பக்கெட்டை இரண்டாவதாகவும் வைத்தால், முதன்மை 500, 502, 503, 504 போன்ற சர்வர் பிழை விடைகளைத் தரும்போதோ இணைப்பே கிடைக்காதபோதோ அதே கோரிக்கை இரண்டாவதற்குச் செல்லும். இதுவே ஃபெயில்ஓவர். மாணவர் பக்கத்தில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இங்கேதான் பலரும் இயல்பு அமைப்புகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இணைப்புக்கான காத்திருப்பு இயல்பாக 10 விநாடி, முயற்சிகள் 3. அதாவது மும்பை வாயே திறக்காமல் இருந்தால், ஹைதராபாத்துக்குப் போவதற்கு முன் 30 விநாடி கழிந்துவிடும். அதைவிட முக்கியமானது, முந்தைய கோரிக்கை தோற்றதை கிளவுட்ஃபிரண்ட் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கேஷில் இல்லாத ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் மும்பையைத்தான் தட்டும். உங்கள் துண்டு ஒவ்வொன்றும் 6 விநாடி. 6 விநாடிப் பாடத்துக்கு 30 விநாடி காத்திருந்தால் ஃபெயில்ஓவர் "வேலை செய்கிறது" என்று அறிக்கை சொல்லும், மாணவருக்கோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். முயற்சி 1, இணைப்புக் காத்திருப்பு 2 விநாடி என்று குறைத்துவிடுங்கள். இணைப்பு கிடைத்தும் விடை வராமல் இழுத்தடிக்கும் நிலைக்குத் தனியான காலவரம்பு ஒன்று உண்டு. அதன் இயல்பு மதிப்பும் 30 விநாடிதான். நடைமுறையில் சேமிப்பகம் முற்றாக நிற்பதைவிட மந்தமாவதே அதிகம் என்பதால் இந்த இரண்டாவது காலவரம்பு எனக்கு முதலாவதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது.

ஆரிஜின் ஃபெயில்ஓவர் படிக்கும் கோரிக்கைகளுக்கு மட்டுமே, அதாவது கெட், ஹெட், ஆப்ஷன்ஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே செயல்படும். ஆசிரியர் பதிவேற்றுவது இந்த வழியில் தப்பிக்காது. தப்பிக்கவும் வேண்டாம் என்பேன். கோளாறு நேரத்தில் ஹைதராபாத்தில் எழுத அனுமதித்தால், மும்பை மீண்ட பிறகு எது புதிய பதிப்பு என்று இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலை வரும். பயிற்சி மையத்தின் ஒளிப்பதிவு அறையில் உள்ள வட்டில் மூலக் கோப்பை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கெட்டிலும் சேர்ந்தது உறுதியான பிறகே அதை அழிப்பது என்ற ஒழுங்கு போதும். இன்றைய பாடம் நாலு மணி நேரம் தாமதமாக வந்தால் யாரும் குறைப்பட மாட்டார்கள். நேற்று வரை நடத்திய பாடம் ஓடாவிட்டால்தான் தொலைபேசி ஓயாது.

பதில்: கூடுதுறை

மேலே நண்பர் சொன்னதில் எனக்கு உடன்பாடே. நகலாக்கத்தின் உள்ளே இருக்கும் சில சிக்கல்களை மட்டும் சேர்க்கிறேன்.

ரீஜியன்களுக்கிடையேயான நகலாக்கத்துக்கு இரண்டு பக்கெட்டிலும் வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதி) இயக்கத்தில் இருக்க வேண்டும். விதியை எழுதிய நாளுக்குப் பின் வரும் கோப்புகள்தாம் தாமாக நகலாகும். ஏற்கெனவே இருப்பவற்றுக்கு பேட்ச் ரெப்ளிகேஷனைத் தனியாக ஓட்ட வேண்டும். இதைக் கவனிக்காத இடங்களில் இரண்டாவது பக்கெட்டில் சென்ற மாதத்துப் பாடங்கள் மட்டும் இருக்கும், இரண்டு ஆண்டுப் பாடங்கள் இருக்காது, அது கோளாறு நாளில்தான் தெரியவரும். ஹைதராபாத் ரீஜியன் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. 2019 மார்ச்சுக்குப் பின் வந்த ரீஜியன்களைக் கணக்கில் நாமே இயக்கினால்தான் பயன்படுத்த முடியும் என்பதால், அதையும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

அடுத்தது வரிசை. நீங்கள் மும்பையில் துண்டுகளை முதலில் ஏற்றி, பிளேலிஸ்ட்டைக் கடைசியில் ஏற்றுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நகலாக்கம் அந்த வரிசையைக் காப்பாற்றும் என்ற உறுதி கிடையாது. சில கிலோபைட் பிளேலிஸ்ட் முன்னால் போய்விட, அது சுட்டும் துண்டுகள் இன்னும் வழியில் இருக்கலாம். அந்த இடைவெளியில் மும்பை நின்றால், ஹைதராபாத்தில் பாடம் இருப்பதாகத் தெரியும், ஆனால் நடுவில் அறுந்துபோகும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. 15 நிமிடத்துக்குள் நகலாகும் என்ற உறுதியைக் கட்டணத்துக்குத் தரும் ரெப்ளிகேஷன் டைம் கன்ட்ரோலை வாங்குவது ஒன்று. இன்னொன்று, காணொளியைத் துண்டுகளாக மாற்றும் என்கோடரே இரண்டு பக்கெட்டிலும் நேரடியாக எழுதி, இரண்டிலும் எல்லாத் துண்டுகளும் சேர்ந்ததைச் சரிபார்த்த பிறகே பாடப்பட்டியலில் அந்தப் பாடத்தைக் காட்டுவது. உங்களுடையது நேரலை அன்று, பதிவுப் பாடம் என்பதால் இரண்டாவது வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. டைம் கன்ட்ரோலுக்கான கூடுதல் கட்டணமும் இல்லை. திருத்திய பாடத்தை அதே பெயரில் மேலெழுதாமல் புதிய அடைவில் வைப்பதும் நல்லது. மேலெழுதினால் சில துண்டு பழையதாகவும் சில புதியதாகவும் கேஷில் கலந்துகிடக்கும்.

நகலாக்கம் கோப்புகளைத்தான் கொண்டுபோகும், பக்கெட்டின் அமைப்புகளைக் கொண்டுபோகாது. அணுகல் கொள்கை, கோர்ஸ் விதி (வேறு தளத்தின் பக்கம் இந்தக் கோப்புகளைப் படிக்கலாமா என்பது), குறியாக்கச் சாவிக்கான அனுமதி ஆகிய மூன்றும் ஹைதராபாத்தில் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். அமேசானின் சாவி மேலாண்மைச் சேவையான கேஎம்எஸ் தரும் சாவி ரீஜியனுக்குரியது. மும்பைச் சாவியால் பூட்டியதைத் திறக்க மும்பை எழுந்திருக்க வேண்டும். பாடங்களுக்கு கேஎம்எஸ் உண்மையில் தேவைதானா என்று ஒருமுறை யோசியுங்கள். எஸ்3 தானே செய்யும் குறியாக்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

403 (அனுமதி இல்லை), 404 (கோப்பு இல்லை) ஆகியவற்றையும் ஃபெயில்ஓவர் நிபந்தனையில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பட்டியலிடும் அனுமதி இல்லாத பக்கெட்டில் இல்லாத கோப்பைக் கேட்டால் எஸ்3 404 தராது, 403 தரும். அதை நிபந்தனையில் சேர்த்தால், யாரோ மும்பையின் அணுகல் கொள்கையைக் கெடுத்துவிட்டாலும் தளம் ஹைதராபாத்திலிருந்து அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து ஹைதராபாத் நின்றால்தான் விவரம் வெளிவரும். நான் 5-இல் தொடங்கும் விடைகளோடு நிறுத்திக்கொள்வேன்.

பதில்: சரவணம்பட்டியான்

இருவருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. இப்போது ஒவ்வொரு பிளேலிஸ்ட்டுக்கும் குறிப்பிட்ட நேரம் மட்டும் செல்லும் எஸ்3 கையொப்பமிட்ட முகவரியை எங்கள் சர்வர் உருவாக்கித் தருகிறது; ஃபெயில்ஓவரில் அது செல்லுமா? மேலும், எல்லாத் தரங்களையும் ஹைதராபாத்தில் வைத்தால் சேமிப்புச் செலவு இரட்டிப்பாகும் என்று நிர்வாகம் தயங்குகிறது. டிஎன்எஸ் மாற்றும் யோசனையையும் மேலாளர் இன்னும் கைவிடவில்லை.

பதில்: சென்னிமலை

டிஎன்எஸ் யோசனையிலிருந்து தொடங்குகிறேன். பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடம் வைத்திருப்பவர் எவரும் ஒரே துணைமின் நிலையத்திலிருந்து இரண்டு இணைப்பு வாங்கிவிட்டு மின்தடைக்கு மாற்று வைத்திருப்பதாகச் சொல்ல மாட்டார். மேலாளரின் திட்டத்தில் அந்தத் துணைமின் நிலையம் வட வர்ஜீனியா. அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-இன் பெயர்த் தீர்வு உலகெங்கும் பரவியிருக்கிறது, அது எளிதில் நிற்காது. ஆனால் பதிவுகளை மாற்றும் கட்டுப்பாட்டுப் பகுதி வட வர்ஜீனியாவில் இருக்கிறது. கிளவுட்ஃபிரண்டின் அமைப்பை மாற்றும் பகுதியும் அங்கேதான். மும்பை மட்டும் விழுந்தால் உங்களால் மாற்ற முடியும். இன்னொரு முறை அக்டோபர் 20 போன்ற நாள் வந்தால், உள்ளே நுழைந்து பொத்தானை அழுத்துவதே ஐயம். அன்று மூலக்காரணம் அமேசானின் டேட்டாபேஸ் சேவையான டைனமோ டிபியின் டிஎன்எஸ் பதிவைத் தானாகப் பராமரிக்கும் நிரலில் இரண்டு செயல்கள் ஒன்றையொன்று முந்தியதும், அதன் விளைவாக அந்த ரீஜியனின் முகவரிப் பதிவு வெறுமையாகிவிட்டதும்தான். அதைச் சார்ந்திருந்த மற்ற சேவைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறின. கோளாறு வேளையில் எந்த அமைப்பையும் மாற்றத் தேவையில்லாதபடி முன்பே எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடுவதே பாதுகாப்பு. ஆரிஜின் குழு அப்படிப்பட்டது. இரவு ஒன்பது மணிக்கு மேலாளர் பேருந்தில் இருந்தாலும் அது நடக்கும்.

கையொப்பமிட்ட முகவரி விஷயத்துக்கு நேரான விடை: செல்லாது. எஸ்3 கையொப்பம் குறிப்பிட்ட பக்கெட்டுக்கும் ரீஜியனுக்கும் கட்டுப்பட்டது. கிளவுட்ஃபிரண்டின் கையொப்பக் குக்கீக்கு (மாணவரின் கருவியில் தங்கும் நுழைவுச் சீட்டு போன்றது) மாறுங்கள். அதைச் சரிபார்ப்பது விளிம்பு மையம், ஆரிஜின் எது என்பது அதற்குப் பொருட்டில்லை. ஒரு அடைவுக்கு ஒரு குக்கீ போதும் என்பதால் துண்டு துண்டாகக் கையொப்பமிடவும் வேண்டாம்.

ஆனால் அந்தக் குக்கீயைக் கொடுப்பது உங்கள் உள்நுழைவுச் சர்வர், அது மும்பையில் இருக்கிறது. நீங்கள் கேட்காத இந்தக் கேள்விதான் என் பார்வையில் பெரியது. பாடம் ஹைதராபாத்தில் பத்திரமாக இருக்கும், மாணவரால் உள்ளே வர முடியாது. ஹெச்எல்எஸ் துண்டுகளைக் குறியாக்கி, சாவிக் கோப்பை உங்கள் சர்வரிலிருந்து வழங்குகிறீர்கள் என்றால் உள்ளே இருக்கும் மாணவருக்கும் அடுத்த பாடம் திறக்காது. பாடப்பட்டியலை டேட்டாபேஸிலிருந்து நேராகக் காட்டாமல், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஜேசன் என்ற உரைக் கோப்பாக எழுதி அதே இரண்டு பக்கெட்டில் வைத்துவிடுங்கள். குக்கீயின் ஆயுளை 12 மணி நேரமாக்கினால், மாலையில் நுழைந்தவர்கள் இரவு முழுவதும் பார்க்கலாம். கையொப்பமிடும் சிறு நிரல் ஒன்றையும் அதற்கான தனிச் சாவியையும் ஹைதராபாத்தில் தயாராக வைத்திருங்கள். ஒருவேளை அன்று கட்டணம் கட்டாத சிலரும் பாடம் பார்த்துவிடுவார்கள், பார்க்கட்டும்.

பதில்: நொய்யல்கரை

செலவு குறித்து. எல்லாத் தரங்களையும் நகலெடுக்க வேண்டியதில்லை. கிராமத்து மாணவர் மாலையில் கைப்பேசியில் பார்ப்பது பெரும்பாலும் 240, 360 தரங்களில்தான் இருக்கும். உங்கள் பதிவேட்டைப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்துவிடும். கரும்பலகை எழுத்து படிக்கக் கிடைக்கும் மிகக் குறைந்த தரம் எதுவோ அதையும் அதற்குக் கீழானதையும் மட்டும் வைத்தால் போதும். 720 தரத் துண்டுகளே இடத்தில் பெரும்பகுதியை அடைப்பவை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதன்மைப் பிளேலிஸ்ட் நான்கு தரங்களையும் பட்டியலிடுவதால், ஹைதராபாத்தில் அது வேறாக, அங்கே இருக்கும் தரங்களை மட்டும் பட்டியலிடுவதாக இருக்க வேண்டும். கூடுதுறை சொன்னபடி என்கோடரே இரண்டிலும் எழுதினால் இது எளிது. ஆயினும் பழைய முதன்மைப் பிளேலிஸ்ட் கேஷிலோ மாணவரின் செயலியிலோ தங்கியிருக்கும். செயலி 720-ஐக் கேட்டுப் பிழை வாங்கினால் தானாகக் கீழ்த் தரத்துக்கு இறங்குகிறதா என்று உங்கள் பிளேயரில் பார்த்துவிடுங்கள். இறங்கவில்லை என்றால் இந்தச் சிக்கனம் வேண்டாம்.

சேமிப்பு வகையில், அரிதாகப் படிக்கப்படும் கோப்புகளுக்கான ஸ்டாண்டர்டு-ஐஏ மலிவாகத் தெரியும். அதில் 128 கிலோபைட்டுக்குக் குறைவான கோப்புக்கும் 128 கிலோபைட் என்றே கணக்கு வரும், 30 நாளுக்கு முன் அழித்தாலும் 30 நாள் கட்டணம் உண்டு. காணொளித் துண்டுகளுக்குப் பொருந்தும்; பிளேலிஸ்ட்டையும் தனி ஒலித் துண்டுகளையும் ஸ்டாண்டர்டிலேயே விடுங்கள். மீட்க நிமிடங்களோ மணிகளோ ஆகும் கிளேசியர் ஃபிளெக்சிபிள், டீப் ஆர்க்கைவ் வகைகள் இந்த வேலைக்கு உதவாது.

கேஷையே காப்பாக எண்ணிவிடவும் கூடாது. அடிக்கடி பார்க்கப்படும் பாடங்கள் சென்னை விளிம்பு மையத்தில் இருக்கும். ஸ்டேல்-இஃப்-எரர் தலைப்பை நீளமாக வைத்தால், காலாவதியான நகலும் கோளாறு வேளையில் வழங்கப்படும். இதைச் செய்துவிடுங்கள், காசு செலவில்லை. ஆனால் மேக்ஸ்-ஏஜ் (நகல் கேஷில் செல்லுபடியாகும் காலம்) ஒரு ஆண்டு என்று எழுதினாலும், யாரும் கேட்காத துண்டு இடநெருக்கடியில் முன்பே வெளியேற்றப்படும். யாரோ ஒருவர் மட்டும் தேடிப் பார்க்கும் பழைய தாவரவியல் பாடம் கேஷில் இருக்காது.

பதில்: கூடுதுறை

வேறு நிறுவனம் வேண்டுமா என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. எனக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை என்றே படுகிறது. நிறுவனத்தை மாற்றுவது பொதுக் கட்டுப்பாட்டு அடுக்கின் ஆபத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் 2025 ஜூன் 12 அன்று கூகுள் கிளவுட் தடுமாறியபோது, தனது சேமிப்புச் சேவை ஒன்றின் பின்னணியில் அதைச் சார்ந்திருந்த கிளவுட்ஃபிளேர் என்ற மற்றொரு நிறுவனத்தின் சேவைகளும் பாதிக்கப்பட்டன. இரண்டு பெயர்கள் இருப்பதால் மட்டும் இரண்டும் தனித்தனி என்றாகிவிடாது. அதோடு இரண்டு விதமான அணுகல் கொள்கை, இரண்டு விதமான பில், இரண்டையும் அறிந்த ஆள் என்று உங்கள் சிறிய குழுவுக்குச் சுமை கூடும். பாடங்களின் மூலப் பதிவை மட்டும் வேறு நிறுவனத்திலோ சொந்த வட்டிலோ வைத்திருப்பது வேறு விஷயம், அதை அவசியம் செய்யுங்கள். 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஹெச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

மைக்ரோசாஃப்டின் அஷ்யூரில் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி: சென்னையிலுள்ள சவுத் இந்தியா ரீஜியனின் இணை, புனேயிலுள்ள சென்ட்ரல் இந்தியா. ஆர்ஏ-ஜிஆர்எஸ் என்ற நகல் சேமிப்பு வகையை எடுத்தால்தான் இணை ரீஜியனிலிருந்து எப்போதும் படிக்க முடியும். வெறும் ஜிஆர்எஸ் போதாது.

பதில்: சரவணம்பட்டியான்

குக்கீக்கு மாறுவதையும் என்கோடர் இரண்டு இடத்தில் எழுதுவதையும் இந்த மாதமே தொடங்குகிறோம். சோதனையை எப்படிச் செய்வது? மும்பை பக்கெட்டின் கொள்கையில் தடை எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

பதில்: சென்னிமலை

தடை எழுதினால் 403 வரும். உங்கள் நிபந்தனையில் 403 இல்லை, ஆகவே ஃபெயில்ஓவர் நடக்காது. அதைச் சேர்த்துக்கொண்டு சோதித்தாலும், உடனே வரும் மறுப்பை மட்டும்தான் சோதித்ததாகும். உண்மைக் கோளாறு அவ்வளவு வேகமாக விடை சொல்லாது. கிளவுட்ஃபிரண்டில் தனியாக ஒரு சோதனை விநியோகத்தை (டிஸ்ட்ரிபியூஷன்) உருவாக்கி, அதன் முதன்மை ஆரிஜினாக ஒரு சிறிய சர்வரை வையுங்கள். முதலில் அது எல்லாவற்றுக்கும் 503 சொல்லட்டும். பிறகு அந்தச் சர்வருக்கு வரும் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் செக்யூரிட்டி குரூப்பில் அதன் போர்ட்டை மூடி, இணைப்பே கிடைக்காத நிலையைப் பாருங்கள். மூன்றாவதாக, இணைப்பை ஏற்றுக்கொண்டு 40 விநாடி பேசாமல் இருக்கும்படி எழுதிப் பாருங்கள். நொய்யல்கரை சொன்ன மந்தநிலை இதுதான், பெரும்பாலான அமைப்புகள் தோற்பதும் இதில்தான். ஒவ்வொன்றையும் கணினியில் பார்க்காமல், கோபியில் ஒரு மாணவரின் கைப்பேசியில், கேஷில் இருக்க வாய்ப்பில்லாத பழைய பாடத்தைப் பாதியிலிருந்து ஓட்டிப் பாருங்கள்.

கண்காணிப்புக்கு ஹைதராபாத் பக்கெட்டின் கெட் கோரிக்கை எண்ணிக்கையை எடுங்கள் (என்கோடர் எழுதுவது இதில் சேராது). சாதாரண நாளில் அது ஏறத்தாழச் சுழியாக இருக்கும், உயர்ந்தால் எச்சரிக்கை போக வேண்டும். அந்த எச்சரிக்கை மும்பையிலிருந்து கிளம்பக் கூடாது. 2017 கோளாற்றின்போது அமேசானின் நிலைப் பலகையே அதே எஸ்3-ஐச் சார்ந்திருந்ததால் அதை இரண்டு மணி நேரம் மாற்ற முடியாமல், ட்விட்டரில் அறிவிக்க வேண்டியதாயிற்று.

உண்மைத் தளத்தில் சோதிப்பதை மே மாதம் நீட் தேர்வு முடியும் வரை தள்ளிவையுங்கள். அதற்கு முன் பேட்ச் ரெப்ளிகேஷன் முடிந்ததா என்பதை இரண்டு பக்கெட்டின் பொருள்பட்டியலையும் எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எண்ணிக்கை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.